ஜாருக்குள் மறையும் கணக்கு

விடியற்காலையில் மிக்சி ஓடினால் சட்னிக்குத்தான் என்று இருந்த காலம் போய்விட்டது. திருச்சியில் எங்கள் தெருவில் இப்போது ஆறரை மணிக்கே நாலைந்து வீடுகளில் மிக்சி இரைகிறது. இட்லித் தட்டில் இன்னும் மாவுகூட ஊற்றியிருக்க மாட்டார்கள். எல்லாம் ஸ்மூத்தி. பழம், கீரை, ஓட்ஸ், பாதாம், பால், ஐஸ் என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் ஜாருக்குள் போகிறது. பேரப்பிள்ளைகள் பழக்கிவிட்டது. எனக்கு அதில் விரோதம் ஒன்றும் இல்லை, நானும் குடிக்கிறேன். பல் ஆடுகிறவர்களுக்கும் காலையில் பசி மந்தமாக இருப்பவர்களுக்கும் அது பெரிய சௌகரியம். பழத்தைப் பிழிந்து சக்கையை எறியும் ஜூஸைவிடப் பழத்தை முழுதாக அரைத்துக் குடிப்பது மேல், நார்ச்சத்தாவது மிஞ்சும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உடம்புக்கு நல்லது என்று பெயர் வாங்கிய பண்டத்துக்கு நாம் அளவு வைப்பதில்லை. ஜாங்கிரியைக் கண்டால் ஒன்றோடு நிறுத்து என்று மனசு தானாகச் சொல்கிறது. பழத்துக்கு அப்படிச் சொல்ல யாரும் நமக்குக் கற்றுத்தரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெஞ்செரிச்சல் அவருக்குப் பழைய உறவு. ஒருநாள் மதில் ஓரம் நின்று முறையிட்டார்.

"டீச்சர், காப்பியை விட்டேன், வடையை விட்டேன். பேரன் பழம் அரைச்சுத் தர்றான். அதைக் குடிச்சா முன்னைவிட எரியுதே, எப்படி?"

என்னென்ன போடுகிறான் என்று கேட்டேன். அன்னாசி, ஆரஞ்சு, ஒரு கைப்பிடி புதினா, இஞ்சித் துண்டு, மேலே பாதி எலுமிச்சம்பழம். "எலுமிச்சை வயித்துக்குள்ள போனா காரமா மாறிடுமாம், வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவளிடம் இதைச் சொன்னால் சும்மா விடுவேனா? அமிலத்தின் கடுமையை அளக்க பிஎச் என்று ஓர் அளவுகோல் உண்டு. 1909-இல் டென்மார்க்கில் சோரன்சன் என்பவர் வகுத்தது. அவர் வேலை பார்த்தது ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடம் என்று சொன்னால் வகுப்பில் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அந்த அளவில் எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும், ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. அன்னாசியும் ஆரஞ்சும் 3-லிருந்து 4-க்குள். வாழைப்பழம் 5-ஐ ஒட்டி. பப்பாளி 5-க்கு மேல், முலாம்பழம் 6-க்கும் மேல். எலுமிச்சைக்கும் முலாம்பழத்துக்கும் நடுவே நாலு படி, அதாவது பத்தாயிரம் மடங்கு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இரைப்பைக்குள் ஊறுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். 1824-இலேயே ப்ரௌட் என்ற ஆங்கிலேயர் இதைக் கண்டு எழுதிவிட்டார். அதன் கடுமை பிஎச் 2-க்குக் கீழேகூடப் போகும். அதோடு ஒப்பிட்டால் அன்னாசி சாது. பிறகு அன்னாசியால் வயிற்றுக்கு என்ன வந்துவிடப் போகிறது? உண்மைதான், வயிற்றுக்கு ஒன்றும் வராது. அமிலத்தைத் தாங்குவதற்கென்றே அதன் உட்சுவரில் சளிப்படலம் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் இல்லை. வயிற்றிலிருந்து மேலேறிய அமிலம் அங்கே ஏற்கெனவே புண்ணாக்கி வைத்திருக்கும். அதன்மேல் புளித்த சாறு இறங்கும்போதே காந்துகிறது. எலுமிச்சை உள்ளே போய் என்னவாக மாறுகிறது என்ற ஆராய்ச்சி இருக்கட்டும், போகும் வழியில் அது எலுமிச்சையாகத்தான் போகிறது.

சொல்வதைவிடக் காட்டுவது எளிது. எங்கள் வேலியில் நீலச் சங்குப்பூ படர்ந்திருக்கிறது. நாலைந்து பூவை வெந்நீரில் போட்டால் நல்ல நீலச் சாயம் இறங்கும். அதைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, வடிகட்டிய பழச்சாறு ஒவ்வொன்றையும் கொஞ்சம் விட்டேன். எலுமிச்சை விழுந்ததும் நீலம் ஊதாவாகி இளஞ்சிவப்பாகிவிட்டது. அன்னாசியிலும் ஆரஞ்சிலும் ஊதா ஏறியது. முலாம்பழச் சாறு விழுந்த கிண்ணம் பெரும்பாலும் நீலமாகவே நின்றது. பேரன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். அதைத் தன் வகுப்பில் காட்டுவான் என்று நினைக்கிறேன், தாத்தாவுக்காக இல்லாவிட்டாலும்.

அன்றோடு ஜாரில் பழம் மாறியது. பழுத்த பப்பாளி, முலாம்பழம், பேரிக்காய், வாழை. வாழையிலும் சாதி பார்க்க வேண்டும் என்று திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். இங்கே அதிகம் விளைவது பூவன். அதில் லேசான புளிப்பு உண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் வாயில் உரித்துத் தின்ன அது அருமை. அரைத்துக் குடிக்க எனக்குக் கற்பூரவல்லிதான் பிடிக்கும், இனிப்பு நன்றாக ஏறியிருக்கும், சர்க்கரை தேவைப்படாது. தோலில் கரும்புள்ளி விழுமளவு கனிந்திருந்தால் நல்லது. புதினாவைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள் என்றும் சொன்னேன். அதன் இனத்தைச் சேர்ந்த மிளகுப் புதினாவின் எண்ணெய், குழாயின் கீழ்வாயைத் தளர்த்திவிடும். காப்பிக்கும் கோகோவுக்கும் அந்தக் குணம் உண்டு. ஆகவே சாக்லேட் ஸ்மூத்தி என்ற பெயரில் வருவதெல்லாம் நமக்கானது இல்லை. இஞ்சியை மணத்துக்குத் துளி சேர்க்கலாம், கட்டை விரல் அளவு போட்டால் அதுவே எரிக்கும்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி மதில் ஓரம். "நீங்க சொன்ன பழம்தான் டீச்சர். ஆனாலும் ராத்திரி எரியுது."

"எவ்வளவு சார் குடிக்கிறீங்க?"

உள்ளே போய் ஓர் எவர்சில்வர் சொம்பை எடுத்து வந்து காட்டினார். அரை லிட்டருக்கு மேல் பிடிக்கும். இரவு ஒன்பதரைக்கு இரண்டு சப்பாத்தி, பிறகு சொம்பு நிறைய ஸ்மூத்தி, பத்து மணிக்குப் படுக்கை. ஜாருக்குள் போவதையெல்லாம் ஒரு தாம்பாளத்தில் வைக்கச் சொன்னேன். மூன்று வாழைப்பழம், பாதி பப்பாளி, ஒரு கிண்ணம் ஓட்ஸ், ஒரு கைப்பிடி பாதாம், ஒரு பாக்கெட் கொழுப்பு நிறைந்த பால். அவர் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இதையே நான் தட்டுல வச்சா, யாரு வர்றாங்கன்னு கேப்பீங்க."

அந்த அம்மாள் சொன்னதுதான் விஷயம். தாம்பாளத்தில் இருக்கும்வரை கண் எண்ணுகிறது. பிளேடு சுற்றியபின் மூன்று பழமும் ஒரு பழமும் ஒரே நிறக் குழம்புதான். மென்று தின்றால் இரண்டாவது பழத்தில் தாடை சலித்துப்போகும், போதும் என்ற சேதி வயிற்றிலிருந்து கிளம்ப அவகாசமும் இருக்கும். குடிக்கும்போது அதற்கெல்லாம் நேரம் ஏது? இரண்டு நிமிஷத்தில் சொம்பு காலி.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையின் வாய் மாதிரி. விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரம் இறுகி இருக்கும். பையில் அளவோடு சில்லறை இருந்தால் வாய் மூடும், திணித்துவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் ஓர் இடைவெளி நிற்கும். இரைப்பையின் மேல்பகுதி விரியும்போது அந்த வளையம் தானாகவே அடிக்கடி தளர்கிறது, ஏப்பம் வருவதும் அந்த வழியில்தான். அரை லிட்டர் எது போனாலும், அது உலகத்திலேயே சாதுவான முலாம்பழமானாலும், வயிறு விரியத்தான் விரியும். அதன்மேல் கொழுப்பு சேர்ந்தால் வயிறு காலியாகத் தாமதமாகும். நிறைந்த பால், பிடி பாதாம், வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டாம் என்பது இதனால்தான். போதாக்குறைக்கு உடனே படுத்தால், புவியீர்ப்பு செய்துகொண்டிருந்த உதவியும் போயிற்று.

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே பாடியிருக்கிறார், 95-ஆவது. அதில் ஒரு மூலிகையின் பெயர்கூடக் கிடையாது. முன்பு உண்டது செரித்ததா, பசி வந்ததா, அளவு தெரிந்ததா என்பதைச் சுற்றியே பாதிக்கு மேல் போகிறது. சித்த வைத்தியம் தழைத்த நாட்டில் இருந்துகொண்டு ஒரு சுக்கு மிளகைக்கூட அவர் சொல்லாமல் விட்டது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

இப்போது நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். ஓர் ஆளுக்குக் கற்பூரவல்லி ஒன்று, பப்பாளி நாலு துண்டு, வேகவைத்து ஆறிய ஓட்ஸ் இரண்டு ஸ்பூன், அரை டம்ளர் தண்ணீர். அரைத்தால் ஒரு காப்பி டம்ளருக்கு மேல் கொஞ்சம் வரும், 200 மில்லி. ஓட்ஸ் இல்லாவிட்டால் கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துச் சேர்ப்பேன், அதுவே எனக்கு ருசியும்கூட. இரவே கரைத்துப் புளிக்கவைத்த கூழ் நல்ல உணவுதான், ஆனால் நெஞ்சு காந்துகிற நாளில் அந்தப் புளிப்பு கூடாது. கோடையில் முலாம்பழத்தோடு விதை நீக்கிய வெள்ளரிக்காய், மேலே ஊறிய சப்ஜா ஒரு ஸ்பூன். சப்ஜா முழுக்க ஊறி வழுவழுப்பாக வேண்டும், அரைகுறையாக ஊறியதை வயதானவர்களுக்குக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். இளநீரில் அரைப்பதும் உண்டு, வழுக்கையோடு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இளநீரையும் வாழைப்பழத்தையும் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது, இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அரைத்த பழம் கடித்த பழம் ஆகாது. அவர்களுக்கு வெள்ளரியைக் கூட்டிப் பழத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இதைச் சிற்றுண்டிக்குப் பதிலாகக் குடிக்க வேண்டும், சிற்றுண்டிக்கு மேலே அல்ல. குடிப்பதென்றாலும் ஸ்பூனால் எடுத்து, வாயில் கொஞ்சம் வைத்திருந்து இறக்குவது உத்தமம். எச்சிலில் பைகார்பனேட் இருக்கிறது, அமிலத்தைத் தணிக்கிற வேலையை அது இனாமாகச் செய்கிறது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்றவர்கள் எச்சிலைப் பகுத்துப் பார்த்தவர்கள் அல்லர், ஆனாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நம் வயதில் எச்சிலும் வறண்டுபோகிறது, சாப்பிடும் மாத்திரைகளில் சில அதை இன்னும் வற்றவைக்கின்றன.

பாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நெஞ்செரிச்சல் என்றால் ஒரு டம்ளர் குளிர்ந்த பால் என்று நம் வீடுகளில் சட்டமே இருக்கிறது. குடித்த கணத்தில் இதமாக இருப்பது நிஜம். நூறு வருஷத்துக்கு முன் டாக்டர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 1915-இல் அமெரிக்காவில் சிப்பி என்ற மருத்துவர், வயிற்றுப்புண்காரர்களுக்கு மணிக்கு ஒரு தரம் பாலும் பாலாடையும் கொடுக்கும் முறையை வெளியிட்டார். பல பத்தாண்டுகள் அது உலகமெங்கும் நடந்தது. பிறகுதான் தெரிந்தது, பாலின் புரதமும் கால்சியமும் கொஞ்ச நேரம் கழித்து அமிலச் சுரப்பைத் தூண்டிவிடுகின்றன என்று. அதற்காகப் பாலை வீட்டை விட்டுத் துரத்த வேண்டாம். கொழுப்பு நீக்கிய பால் கால் டம்ளர் ஸ்மூத்தியில் சேர்வதால் குடி முழுகாது. தயிர் என்றால் அன்று உறைந்ததாக இருக்க வேண்டும், நேற்றுப் புளித்தது மோர்க்குழம்புக்கு ஆகும்.

காய்களைப் பச்சையாக அரைத்துக் குடிப்பதும் இப்போது பரவியிருக்கிறது. வெண்பூசணிச் சாறு பலருக்கு ஒத்துக்கொள்கிறது, அதன் சப்பென்ற ருசியே அதற்கு நற்சான்றிதழ். சுரைக்காயில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 2010-இல் தில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து ஒருவர் இறந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வல்லுநர் குழு அமைத்து ஆராய்ந்து, கசப்பாக இருந்தால் அந்தச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்றது. குக்கர்பிட்டசின் என்ற நச்சுப் பொருள்தான் அந்தக் கசப்பு. கசந்தால் மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கப் பழகியவர்கள் நாம். அரைப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு.

பக்கத்து வீட்டுக்காரர் சொம்பைக் குறைக்கத் தயங்கியதற்கு வேறு காரணம் இருந்தது. "பேரன் ஆசையா கலக்கித் தர்றான் டீச்சர். பாதிய வச்சா முகம் வாடிடும்." இதுதான் நம் வயதின் பெரிய கஷ்டம். ஒரு காலத்தில் நாம் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு தோசை என்று திணித்தோம். அன்பு என்றால் அளவுக்கு மேல் வைப்பதுதான் என்று அவர்கள் நம்மிடம்தான் கற்றார்கள். இப்போது அது திரும்பி வருகிறது, பெரிய டம்ளரில். மறுத்தால் மனசு நோகும், குடித்தால் உடம்பு நோகும். நம்மில் பெரும்பாலோர் உடம்பையே தேர்ந்தெடுத்துவிட்டு, ராத்திரி யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து விடிய வைக்கிறோம். எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. வேண்டாம் என்று சொல்வது வேறு, பாதி போதும் என்று சொல்வது வேறு. பாதி போதும் என்பதை முதல் நாளே, காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்குக் காரணம் சொன்னால் புரிகிறது, பெருமூச்சு விட்டால்தான் புரிவதில்லை. அவர் சொல்லத் தயங்கியதை நான் சொன்னேன். அந்தப் பையன் அலட்டிக்கொள்ளாமல், "அப்ப மீதிய நான் குடிச்சுக்கிறேன்" என்றான். இவ்வளவுதான்.

இரவில் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பதும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரத்துக்கு மரக்கட்டை வைப்பதும், இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் எந்தப் பழத்தையும்விட அதிகம் உதவும். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி அமுங்கும், அது கூடாது. டாக்டர் எழுதிக்கொடுத்த அமிலம் குறைக்கும் மாத்திரை உணவுக்கு அரை மணி முன்பு என்றால், ஸ்மூத்தியும் உணவுதான். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் அந்த வளையத் தசையைத் தளர்த்தும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, வயது கூடக்கூட எரிச்சலின் உறைப்பு குறைவாகவே தெரியும், உள்ளே புண் பெரிதாக இருக்கும். எரியவில்லையே என்று இருந்துவிட முடியாது. விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கருப்பாகப் போவது, இரத்த வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் மிக்சியை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தி, தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ வலி பரவி, வியர்த்துக் கொட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்து எழுந்திருக்காதவர் கதை தமிழ்நாட்டில் ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்கிறது.

வைகாசியில் மதில் ஓரத்துக்கு வேறொரு கேள்வி வந்தது. மாம்பழத்தை அரைக்கலாமா? நன்றாகக் கனிந்து புளிப்பு அறவே போன பழமென்றால், இரண்டு துண்டு சேர்த்துப் பார்க்கலாம், ஒத்துக்கொண்டால் சரி என்றேன். அவர் பைக்குள் இருந்தது இமாம்பசந்து. அதை மிக்சியில் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது என்று சொல்லிவிட்டேன். அதை அறுத்து, தட்டில் வைத்து, இத்தனை பத்தை என்று எண்ணித்தான் தின்ன வேண்டும். மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு ஒரு பழம் வந்தது, பேரன் கையில், அறுக்காமல்.